அறியும் ஆவலும் அயலான் அன்பும்

நிகராகுவா நாட்டின் தலைநகரான மனாகுவாவுக்குத் தென்கிழக்கே, ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் மசாயா என்னும் எரிமலை உள்ளது. உயரத்தால் பெயர்பெற்ற மலையன்று; ஆனால் நூற்றாண்டுகளாகப் புகைந்துகொண்டிருப்பது. அதன் பள்ளத்திற்கு மேலே ஒரு சிலுவை நிற்கிறது. 16ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கோ தே பொபதில்யா என்னும் துறவி அங்கே முதன்முதலில் சிலுவை நாட்டினார். அனற்குழம்பு கொதிக்கும் அப்பள்ளத்தை அந்நாளைய இசுபானியர் பலர் நரகத்தின் வாய் என்றே நம்பினர்.

அதே பள்ளத்தை இன்னொரு துறவி வேறு கண்கொண்டு பார்த்தார். புனித சாமிநாதர் சபையைச் சேர்ந்த பிளாஸ் தெல் காஸ்தில்யோ என்பவர், உள்ளே கொதிப்பது உருகிய பொன்னே என்று எண்ணினார். 1538இல் தலையில் இரும்புக் கவசமும் கையில் சிலுவையுமாக உள்ளே இறங்கினார். கிடைத்தது வெறும் கசடுக்கல். இதைப் படித்தபோது நாம் முதலில் நகைத்தோம். பிறகு நகைப்பு நின்றுவிட்டது. கையில் சிலுவை இருப்பதாலேயே இறங்குகிறவனின் நோக்கம் தூயதாகிவிடாது என்பதற்குக் குருக்களாகிய நமக்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டுமோ?

ஏறத்தாழ நான்கரை நூற்றாண்டுகளுக்குப் பின் அதே பள்ளத்தின் விளிம்புக்கு வேறொரு கூட்டத்தார் வந்தனர். பிரித்தானிய அறிவியலாளர் ஹேசல் ரைமர் அங்கே பல ஆண்டுகள் நடத்திய ஆய்வுகளில், எர்த்வாட்ச் என்னும் அமைப்பு அனுப்பிய தன்னார்வலர்கள் பங்கேற்றனர். 1971இல் தொடங்கப்பட்ட அவ்வமைப்பின் வழியாகச் செல்வோர் ஊதியம் பெறுவதில்லை. தாமே பணம் செலுத்திச் செல்கின்றனர். எரிமலையியல் அறியாத எளிய மனிதர்கள், தம் விடுமுறையையும் சேமிப்பையும் கொடுத்து, கந்தகப் புகையில் இருமிக்கொண்டு கருவி சுமக்கின்றனர்.

இது தொண்டா, வேடிக்கையா? உயிரைத் தந்த இறைவனுக்கு முன் இதற்கு நாம் என்ன கணக்குச் சொல்வோம்? கேள்வி எரிமலைக்கு மட்டும் உரியதன்று. ஆயினும் எரிமலையின் விளிம்பில் அது மழுப்ப இடமின்றி நிற்கிறது.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில், புனித தோமா அக்குவினா அறிவு நாட்டத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டியதைப் படித்தோம். ஒன்று கற்கும் ஊக்கம்; அது நற்பண்பு. மற்றொன்று ஒழுங்கற்ற ஆவல்; அது குறை. அறியப்படும் பொருள் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். எதற்காக, எவ்வாறு நாடுகிறோம் என்பதிலேதான் வேறுபாடு. தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்தோமே ஒழிய, அன்று அதன் கூர்மை நமக்கு உறைக்கவில்லை. துணிவைப் பற்றியும் அவர் அவ்வாறே பேசுகிறார். அளவு கடந்த துணிச்சல் திடம் என்னும் புண்ணியத்தின் மிகுதியன்று. அதற்கு எதிரான பாவம். அஞ்சத்தக்கதைக் கண்டு அஞ்சாதவனை வள்ளுவரும் வீரன் என்று கொள்ளவில்லை. ஆலயத்தின் உச்சியில் நின்று குதிக்கும்படி அலகை தூண்டியபோது, நம் ஆண்டவர் மறுத்தது அச்சத்தால் அன்று. தந்தையைச் சோதிக்கலாகாது என்பதால்.

அப்படியானால் மசாயாவின் தன்னார்வலர் குற்றவாளிகளா? அவர்கள் அங்கே உண்மையில் என்ன செய்தார்கள் என்பதைப் பார்க்கவேண்டும். ஈர்ப்புமானி என்றொரு கருவி உண்டு. நிலத்தடியில் பாறைக்குழம்பு சேர்ந்தாலும் விலகினாலும், அதில் வளி நுரைத்தாலும், அவ்விடத்தில் புவியீர்ப்பு மிகச் சிறிதளவு மாறும். ஏறத்தாழ பத்துக்கோடியில் ஒரு பங்கு. அத்துணை நுண்ணிய மாற்றத்தை அக்கருவி காட்டும். அதைக் குலுக்காமல் சுமக்கவேண்டும். குறித்த இடத்திலேயே வைத்து, மட்டம் பார்த்து, அளவெடுத்து எழுதி, அடுத்த இடம் செல்லவேண்டும். பிறகு முதல் இடத்துக்குத் திரும்பி வந்து மீண்டும் அளக்கவேண்டும். அடுத்த ஆண்டும் அதே இடங்கள், அதே வேலை. வீரச்செயலைத் தேடி வந்தவனுக்கு இது பெருத்த ஏமாற்றமே. அந்தச் சலிப்பையே நாம் நல்ல அடையாளமாகக் காண்கிறோம். ஒழுங்கற்ற ஆவல் ஒரு முறை பார்த்தவுடன் தணிந்துவிடும். அதே எண்ணைப் பத்தாம் முறை எழுத அது காத்திராது. செபமாலையின் மணிகளை உருட்டுகிறவர்களுக்கு இது விளங்கும்.

அந்த எண்களால் பயன் பெறுகிறவர் யார்? மசாயாவின் புகை காற்று வீசும் திசையிலுள்ள மேட்டு நிலங்களில் காப்பிச் செடிகளைக் கருக்குகிறது. அங்கு வாழ்கின்ற ஏழைகளின் மூச்சிலும் அது புகுகிறது. எரிமலையை அளப்பது எதற்காக என்பதை இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டுகள் சொல்கின்றன. 1985 நவம்பர் 13 இரவு கொலம்பியாவில் நெவாதோ தெல் ருயிஸ் எரிமலை சீறியது. பனி உருகிப் பெருகிய சேறு ஆர்மெரோ நகரை மூடியது. மாண்டவர் ஏறத்தாழ 23,000 பேர். ஆபத்தான பகுதிகளைக் காட்டும் வரைபடம் அதற்கு முந்திய மாதமே ஆயத்தமாகியிருந்தது, மக்கள்தாம் வெளியேற்றப்படவில்லை. மாறாக, 1991இல் பிலிப்பைன்சின் பினாத்துபோ மலையில் நீராவி வெடித்துக் கிளம்பியபோது, அதைச் சுற்றி வாழ்ந்த ஆயித்தா பழங்குடியினரிடையே பணியாற்றிய கன்னியர் ஒருவர் எரிமலை ஆய்வகத்துக்குச் செய்தி கொண்டு சென்றார். அறிஞர்கள் வந்தனர், அளந்தனர், எச்சரித்தனர். சூன் 15இல் பெருவெடிப்பு நிகழுமுன் பல்லாயிரவர் வெளியேற்றப்பட்டனர். அந்தச் சகோதரி கருவி எதையும் சுமக்கவில்லை. தாம் கண்டும் கேட்டும் அறிந்ததை உரிய இடத்தில் சொன்னார், அவ்வளவே.

இத்துடன் நிறுத்தினால் எழுத்து இனிதாக முடிந்துவிடும். ஆனால் கலேராசை மறைக்க மனம் ஒப்பவில்லை. 1993 சனவரி 14 அன்று கொலம்பியாவின் அந்த எரிமலைக்குள், ஆய்வரங்கு ஒன்றுக்காகக் கூடியிருந்த அறிவியலாளர் சிலர் இறங்கினர். மலை திடீரென வெடித்தது. அறிவியலாளர் அறுவர் மாண்டனர். அவர்களுடன் இன்னும் மூவர் மாண்டனர். வேடிக்கை பார்க்க மலையேறி வந்தவர்கள். அந்நாள்களில் நிலநடுக்கமானியில் பதிவான, திருகாணியைப் போல் தோன்றிய சில அதிர்வுகளை எச்சரிக்கையாகக் கொண்டிருக்க வேண்டுமா என்பது பற்றிப் பின்னர் கடுமையான வாதம் எழுந்தது. அதில் தீர்ப்புச் சொல்ல நாம் தகுதியுடையோர் அல்லோம். நம்மை உறுத்துவது அந்த மூவர். அறிஞன் தன் உயிரைப் பணயம் வைக்கும்போது தன்னுடையதை மட்டும் வைப்பதில்லை. அவனைக் கண்டு, இவ்விடம் பாதுகாப்பானதே என்று நம்பிப் பின்செல்பவர் உண்டு. அவன் விழுந்தால் மீட்க இறங்குபவர் உண்டு. கூலிக்குச் சுமை தூக்கும் உள்ளூர் மனிதரும் உண்டு. படிவத்தில் கையொப்பமிட்டவர் ஒருவர். ஆபத்தைப் பகிர்பவர் பலர். தன்னார்வத் தொண்டு என்னும் அழகிய சொல் சில வேளைகளில் இவர்களை மறைத்துவிடுகிறது. தாமே விரும்பிச் செல்பவருக்கு நாம் ஆசி வழங்கத் தயங்கமாட்டோம். ஆனால், உம்மோடு வருகிறவருக்கு வேண்டாமென்று சொல்லும் உரிமை இருக்கிறதா என்பதை முதலில் கேட்போம்.

கி.பி. 79இல் வெசூவியுசின் அழிவில் மாண்ட மூத்த பிளினியை இங்கே நினைக்கிறோம். வானில் எழுந்த விந்தையான மேகத்தை அருகே சென்று காண விரும்பி, விரைவுப் படகு ஒன்றை ஆயத்தப்படுத்தச் சொன்னார். புறப்படும் வேளையில் மலையடிவாரத்தில் சிக்கிய பெண்ணொருத்தியின் ஓலை வந்தது. உடனே படகை விட்டு, மக்களை ஏற்றிவரப் போதிய பெருங்கலங்களை இறக்கினார். கடற்படைத் தலைவராதலால் அது அவரால் இயன்றது. அவர் கிறித்தவர் அல்லர். ஆயினும் அந்த ஓலையைப் படித்து முடித்த நொடியில் அவருடைய பயணமே வேறாகிவிட்டது. போகவிருந்த திசை மட்டும் மாறவில்லை.

மசாயாவில் 2001 ஏப்ரல் 23இல் சிறு வெடிப்பொன்று நிகழ்ந்து, விளிம்பிலிருந்த வண்டிகளின் மேல் கற்கள் விழுந்தன. அங்கே வருவோர், மலை சீறினால் உடனே கிளம்ப ஏதுவாக, வண்டிகளை வெளியேறும் வழியை நோக்கியே நிறுத்தவேண்டும் என்பது விதி. மேலே சிலுவை, கீழே முகம் திருப்பி நிற்கும் வண்டிகள். அந்தச் சிலுவையின்மேல் நம்பிக்கை குறைந்தவர்கள்தாம் அப்படி நிறுத்துகிறார்கள் என்று யாரேனும் சொன்னால், நாமும் நம் வண்டியை அவர்களோடு சேர்த்தே நிறுத்துவோம்.