பாரம் குறைந்தால் பற்றும் குறையுமா?

ஒரு மோட்டார் சைக்கிளைப் பின்னுக்கு நகர்த்தவே அதற்குள் தனியாக ரிவர்ஸ் வசதி வைக்க வேண்டியிருக்கிறது என்றால், அந்த வண்டி மனிதக் கால்களின் பலத்தைக் கடந்துவிட்டது என்று பொருள். ஹோண்டா கோல்ட் விங் டூர் அந்த வகை. 1833 சிசி, ஆறு சிலிண்டர், 21 லிட்டர் டேங்க், ஏறத்தாழ 390 கிலோ எடை. பின்னால் அமர்பவருக்குச் சாய்மானம், சுற்றிலும் பெட்டிகள், பாட்டுக்கு ஒலிபெருக்கி, ஏர்பேக் என வீட்டுக் கூடத்தின் வசதிகளையெல்லாம் இரண்டு சக்கரத்தின் மேல் ஏற்றிய வண்டி. இத்தகைய பெரிய டூரிங் பைக்கை விட்டு ஸ்போர்ட் டூரருக்கு மாறுகிறவர்கள் உண்டு. கவாஸாகி நிஞ்சா 1000எஸ்எக்ஸ் போன்ற வண்டியின் எடை சுமார் 238 கிலோதான். பெட்டி வேண்டுமென்றால் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். வேண்டாமென்றால் ஒரு பையைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம். மாறுகிறவர்கள் இதற்குச் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பாரம் போதும், இனி எளிமையாகப் போகலாம். சென்னையில் தாம்பரத்தை ஒட்டிய செம்பாக்கம் போன்ற இடத்தில் அந்தக் காரணத்துக்கு உடனே அர்த்தம் கிடைக்கிறது. வேளச்சேரி–தாம்பரம் சாலையின் நெரிசலிலும், அதிலிருந்து பிரியும் குறுகிய தெருக்களிலும், அடுக்குமாடி வீட்டின் தூண்களுக்கு நடுவிலும் 390 கிலோவைத் திருப்பி நிறுத்துவது தினப்படிப் போராட்டம்.

ஆனால் ‘எளிமை’ என்ற பெயரை அவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிட முடியாது. எடையில் சுமார் 150 கிலோ குறைகிறது. எஞ்சின் தரும் சக்தியோ குறையவில்லை. கோல்ட் விங்கின் சக்தி ஏறத்தாழ 125 குதிரைத்திறன். அந்த நிஞ்சாவுடையது 140ஐத் தாண்டுகிறது. எரிபொருள் செலவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. விலை பல லட்சம் குறைந்தாலும், ஒரு சாதாரணக் குடும்பம் வாங்கும் காரின் விலைக்குக் கீழே அது இறங்குவதில்லை. சுகத்தின் மேலிருந்த ஆசை வேகத்தின் மேல் தாவியிருக்கிறதே தவிர, ஆசையின் அளவு மாறவில்லை என்று ஒருவர் வாதிட்டால் கணக்கு அவர் பக்கம்தான் நிற்கிறது. எனவே இங்கே ஒரு சமயக் கேள்வி எழுகிறது. முழுதாகத் துறக்காமல், கொஞ்சம் மட்டும் குறைத்துக்கொள்வது அறமாகுமா? அல்லது அது ஆசை வேறு சட்டை மாட்டிக்கொள்வது மட்டும்தானா?

இந்தக் கேள்வியை மிக நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள் சமணர்கள். அந்த மரபு நமக்குத் தொலைவில் இல்லை. தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே இறங்கி, திண்டிவனத்தில் செஞ்சிப் பக்கம் திரும்பினால், தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இருக்கும் மேல்சித்தாமூரை எட்டிவிடலாம். வாகனம் ஏறாமல் கால்நடையாகவே ஊர் ஊராகச் செல்லும் துறவிகளைப் போற்றுகிற சமயம் அது. திகம்பர முனிவர் மயிற்பீலியும் கமண்டலமும் சாத்திர நூலும் தவிர வேறெதையும் கூட எடுத்துச் செல்வதில்லை. இவ்வளவு கடுமையான துறவை உச்சியில் வைத்த அதே சமயம், இல்லறத்தாருக்கும் ஒரு வழியை வகுத்தது. துறவிக்கு மகாவிரதம், வீட்டில் இருக்கும் சாவகருக்கு அணுவிரதம். காஞ்சியோடு மரபு தொடர்புபடுத்தும் சமந்தபத்திரர் வடமொழியில் எழுதிய இரத்தினகரண்ட சிராவகாசாரமும், அதன் பொருளைத் தமிழில் தரும் அருங்கலச்செப்பும் இந்த விரதங்களை விளக்குகின்றன. ஐந்து அணுவிரதங்களில் ஐந்தாவது, பொருள் வரைதல். ‘எல்லாவற்றையும் விட்டுவிடு’ என்று அது கேட்பதில்லை. ‘இவ்வளவு எனக்குப் போதும்’ என்று நீயே ஒரு கோடு கிழித்து, அதற்கு மேல் ஆசைப்படாதே என்கிறது. எவ்வளவு என்பதை நூல் சொல்வதில்லை. விரதம் ஏற்பவர்தான் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு தாண்டக் கூடாது.

பொருள் வரைதலுக்கு நேரும் குற்றங்கள் என்று சமந்தபத்திரர் ஐந்தைச் சொல்கிறார். வண்டியை அளவுக்கு மீறி ஓட்டுவது, தேவைக்கு மேல் சேர்ப்பது, பிறர் செல்வத்தைப் பார்த்து வியந்து ஏங்குவது, பேராசை, அளவுக்கு மேல் பாரம் ஏற்றுவது. மாட்டு வண்டிக் காலத்தில் எழுதப்பட்ட பட்டியல் இது. பேராசையால் எருதை, அது தாங்கும் தொலைவுக்கு அப்பால் ஓட்டிச் செல்வதையும், அதன் முதுகு தாங்காத சுமையை ஏற்றுவதையும் மனதில் வைத்து உரைகாரர்கள் விளக்கம் எழுதினார்கள். இயந்திரத்துக்கு வலிக்காது என்பதால் இந்தக் குற்றங்கள் மறைந்துவிடவில்லை. பெரிய டூரிங் பைக்கை இந்தப் பட்டியலோடு வைத்துப் பார்த்தால், அதன் வடிவமே மூன்று குற்றங்களை அழைப்பது தெரியும். பெட்டி இருப்பதால் அது நிரம்புகிறது. இரண்டு நாள் பயணத்துக்கு ஒரு வாரத்துப் பொருள் ஏறுகிறது. பக்கத்தில் வந்து நிற்கும் வேறொரு வண்டியில் புதிதாக ஒரு வசதியைக் கண்டால் ஏக்கம் வருகிறது. ஏற்றிய பாரத்தை எருதுக்குப் பதில் இப்போது சாலையில் நடப்பவர்கள் தாங்குகிறார்கள்: அகலமான வண்டி ஒன்று நெரிசலில் இடம் கேட்கும்போது, ஒதுங்கும் சைக்கிள்காரரும் பள்ளிப் பிள்ளையுமே அதன் விலையைக் கொடுக்கிறார்கள். ஆகவே இந்த வண்டியை விடுவதற்கு அறக் காரணம் உண்டு. சிறிய பெட்டி சிறிய தேவையைப் பழக்கும். எதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் யோசிக்க வைக்கும். அந்த யோசனையே பொருள் வரைதலின் தொடக்கம்.

அதோடு சமணர் நின்றிருந்தால் ஸ்போர்ட் டூரருக்கு மாறியவர் வெற்றி பெற்றுவிட்டதாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஐந்து அணுவிரதங்களும் தனியாக நிற்க முடியாது என்று அவர்கள் உணர்ந்திருந்தார்கள். அதனால் அவற்றுக்குத் துணையாக மூன்று குணவிரதங்களை வைத்தார்கள். அவற்றில் முதலாவது திசை விரதம்: எந்தத் திசையில் எதுவரை போவேன் என்று எல்லை கட்டிக்கொள்வது. கடல், ஆறு, காடு, மலை, நாடு, இத்தனை யோசனைத் தொலைவு என்று எல்லோரும் அறிந்த அடையாளங்களையே எல்லையாக வைக்கச் சொல்கிறார் சமந்தபத்திரர். செம்பாக்கத்தில் இருப்பவர் கிழக்கே வங்கக் கடல், வடக்கே பழவேற்காடு ஏரி, மேற்கே ஜவ்வாது மலை, தெற்கே கொள்ளிடம் என்று வகுத்துக்கொண்டால் அது அந்த விரதத்தின் முறைப்படியே அமையும். இன்னொரு குணவிரதம், பயனில்லாத தீங்கை விலக்குவது. காரணத்தோடு செய்யும் செயலிலும் சிறிது தீங்கு இருக்கலாம்; வாழ்க்கையில் அது தவிர்க்க முடியாதது. காரணமே இல்லாத தீங்குக்கு மன்னிப்பு இல்லை. லேசான, வேகமான வண்டிக்கு மிகவும் தேவைப்படுவது இந்த விரதம்தான். நம் நெடுஞ்சாலைகளில் சட்டம் அனுமதிக்கும் வேகத்தை அது இரண்டாம் கியரிலேயே தாண்டிவிடும். விடியற்காலையில் மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகும்போது, தூங்கும் தெருவை எழுப்பும் சத்தமும், நடைபயிற்சி போகும் முதியவரைத் திடுக்கிட வைக்கும் வேகமும் யாருக்கும் எதையும் தருவதில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலனோடும் கண்ணகியோடும் மதுரைக்கு நடந்த சமணத் துறவி கவுந்தியடிகள், வழியில் எந்த உயிருக்கும் ஊறு நேராமல் கால் வைப்பதன் அருமையை எடுத்துச் சொல்கிறார். நடப்பவருக்கே அந்தக் கவனம் வேண்டுமென்றால், 140 குதிரைத்திறனைப் பிடித்திருக்கும் கைக்கு எத்தனை மடங்கு வேண்டும்? எடை குறைந்ததால் பொறுப்பு கூடுகிறது. இதை ஏற்காத எளிமை பாதி எளிமைதான்.

இதற்கு எதிராக எழும் முதல் வாதம் வலுவானது. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது, பேருந்து உண்டு, சைக்கிள் உண்டு. உண்மையாகவே குறைக்க நினைப்பவர் அங்கே போகட்டும். பத்து லட்சத்துக்கு மேல் விலையுள்ள வண்டியில் ஏறிக்கொண்டு விரதம் பேசுவது ஏழைகளை அவமதிப்பது என்பது அந்த வாதம். இதிலுள்ள நியாயத்தை மறுக்க முடியாது. கிழிக்கும் கோடு எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் சரி என்று ஆகிவிட்டால், விரதம் பணக்காரர்களின் சமாதானமாகிவிடும். ஆனால் இந்த வாதத்தை முடிவுவரை கொண்டுபோனால் முனிவரைத் தவிர யாருக்குமே அறம் இல்லை என்றாகும். அப்போது மற்றவர்களெல்லாம் முயற்சியையே கைவிட்டுவிடுவார்கள். அதனால்தான் சாவகர் ஏற வேண்டிய படிகளைச் சமணர்கள் 11 என்று வகுத்து, பொருளை முற்றிலும் துறப்பதை 9ஆம் படியில் வைத்தார்கள். கீழ்ப்படியில் நிற்பவரை அவர்கள் இகழவில்லை. ஆனால் அதுவே உச்சி என்று அவர் நினைத்துக்கொள்ளவும் விடவில்லை. ஸ்போர்ட் டூரர் ஒரு படி என்றால் அதற்கு மதிப்பு உண்டு. அதற்குப் பிறகு ஏறுவதற்குப் படி இருக்கிறது என்பதை மறந்தால் அந்த மதிப்பு போய்விடும்.

இரண்டாவது வாதம்: பலர் மாறுவதற்குக் காரணம் முதுகும் முழங்காலும்தான். நிறுத்தும்போது வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் தாங்கிப் பிடிக்க வலு இல்லை, வயதாகிவிட்டது. உடம்பு கட்டாயப்படுத்தியதை விரதம் என்று எப்படிச் சொல்வது? இந்த வாதம் உடம்பை அறிவின் எதிரியாகப் பார்க்கிறது. வள்ளுவர் அப்படிப் பார்க்கவில்லை. தன் வலிமையின் அளவை அறிவதற்கென்றே வலியறிதல் என்று ஓர் அதிகாரத்தை ஒதுக்கினார். மயிற்பீலியே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்ற எச்சரிக்கை அங்கேதான் வருகிறது. எல்லை எந்த வழியாகத் தெரியவந்தாலும், தெரிந்த பிறகு அதை மனமார ஏற்பதா, முனகிக்கொண்டே தாங்குவதா என்பது நம் கையில் இருக்கிறது. வலியினால் பெரிய வண்டியை விற்றுவிட்டு ஒவ்வொரு நாளும் அதை நினைத்து ஏங்குபவருக்குக் குறைந்தது எடை மட்டுமே. அதே வலியைக் காரணமாக வைத்து, எவ்வளவு போதும் என்று புதிதாக யோசிப்பவருக்கு முழங்கால் ஆசிரியராகிவிடுகிறது.

மூன்றாவது வாதம் நம் மண்ணுக்கே உரியது. பாரம் எப்போது பாவமானது? முருகனுக்குக் காவடி எடுப்பவர் வேண்டுமென்றே பாரத்தைச் சுமக்கிறார். சபரிமலையில் இருமுடி இல்லாமல் பக்தர்கள் பதினெட்டுப் படி ஏறுவதில்லை. ஜி.எஸ்.டி. சாலை ஓரமாகவே மேல்மருவத்தூருக்கு நடக்கிறவர்கள் தலையிலும் தோளிலும் சுமை இருக்கிறது. பாரத்தைக் குறைப்பதே அறம் என்றால் இவர்கள் எல்லாம் தவறு செய்கிறார்களா? இல்லை, உண்மையில் இவர்கள்தான் என் வாதத்துக்கு மிகப் பெரிய சான்று. இருமுடியில் ஒரு பக்கம் இறைவனுக்கான நெய்த்தேங்காய், மறுபக்கம் வழிக்கு வேண்டிய பொருள். இரண்டும் சேர்ந்து ஒரு மனிதன் தலையில் சுமக்கக்கூடிய அளவைத் தாண்டக் கூடாது. சுமப்பவரின் கழுத்தே அங்கே அளவுகோல். கோல்ட் விங்கின் பெட்டிகளுக்கு அப்படி ஓர் அளவுகோல் இல்லை. எஞ்சின் சுமப்பதால், ஏற்றுபவருக்குத் தான் ஏற்றியது தெரிவதே இல்லை. எதற்காகச் சுமக்கிறோம் என்பதும், யார் தாங்குகிறார்கள் என்பதும்தான் பாரத்தின் அறத்தைத் தீர்மானிக்கின்றன.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் கேள்விக்கு விடை கிடைக்கிறது. பாரம் குறைந்தால் பற்று தானாகக் குறையாது. விற்பதும் வாங்குவதும் சந்தையின் செயல்கள். அவற்றுக்கு மனதை மாற்றும் ஆற்றல் இல்லை. மாற்றும் ஆற்றல் இருப்பது முன்கூட்டியே, தானே விரும்பி, வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளும் எல்லைக்கு. ஆகவே ஸ்போர்ட் டூரருக்கு மாற நினைப்பவர் ஷோரூமுக்குப் போவதற்கு முன் சில முடிவுகளை எடுக்க வேண்டும் என்று வேண்டுகிறேன். இதற்குப் பிறகு இன்னொரு வண்டி வாங்குவதில்லை, இருப்பது ஒன்றுதான். பயணத்துக்கு ஒரு பை, அதற்கு மேல் பெட்டி இல்லை. போகும் திசைகளுக்கு ஆறும் மலையும் கடலும் எல்லை. ஊருக்குள் சட்டம் சொல்லும் வேகமே என் வேகம். காரணமில்லாமல் விடியற்காலையில் யார் தூக்கத்தையும் கெடுப்பதில்லை. மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு தெருவில் நடந்து போகிறவர்களுக்கு உதவட்டும். இந்த எல்லைகளைக் குடும்பத்தார் முன்னால் சொல்லிவிட்டால் தாண்டும்போது கேட்பதற்கு ஆள் இருக்கும். எடை குறைந்த வண்டி இந்த எல்லைகளைக் காப்பதைச் சுலபமாக்கும். அந்த அளவுக்கு அது நல்ல தேர்வு. எல்லையே வகுக்காதவருக்கு 238 கிலோவும் 390 கிலோவும் ஒன்றுதான். வகுத்து, அதற்குள் நின்று, ஆண்டுக்கு ஆண்டு அந்தக் கோட்டை இன்னும் சற்று உள்ளே இழுத்துக்கொள்பவர், வண்டியில் அமர்ந்தபடியே விரதத்தின் வழியில் போகிறார்.