பாற்கடற்கரையில் நின்ற பூனை

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



இராயபுரம், காசிமேடு, தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் இக்கடற்கரையில் வாழ்கின்றவர்கள் உழைத்து உண்பவர்கள். ஆலைச் சங்கு ஒலித்ததும் வீட்டுக்குக்கூடச் செல்லாமல், கைகால் அலம்பித் திருமண் இட்டுக்கொண்டு புறப்பாட்டுக்கு ஓடிவரும் அன்பர்களை இங்கே ஆண்டுதோறும் காண்கிறோம். பகலில் துறைமுகத்தில் சரக்கு இறக்கிய தோள் மாலையில் ஸ்ரீபாதம் தாங்குகிறது. விடியலில் வலை இழுத்த கை வடம் பிடிக்கிறது. இத்தகைய அடியார்களுக்கு உபந்யாஸம் செய்யும் பேறு அடியேனுக்குப் பல ஆண்டுகளாக வாய்த்திருக்கிறது.

இம்மலருக்கு எழுதுமாறு பணித்தபோது சரணாகதியின் பெருமையை எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆயினும் நெடுநாளாக நெஞ்சை உறுத்திவரும் ஒன்றை இங்கே விண்ணப்பிக்காவிடில், சரணாகதியைப் பற்றி எழுதும் தகுதி அடியேனுக்கு இல்லை என்று தோன்றிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் இதுபோன்றதோர் உற்சவ காலம். உபந்யாஸம் முடிந்து எல்லோரும் தீர்த்தம் வாங்கச் சென்ற பின்னர், ஓர் அன்பர் தயங்கித் தயங்கி அடியேனிடம் வந்தார். எண்ணூர்ப் பக்கத்து ஆலையொன்றில் இரவு முறை வேலை பார்ப்பவர். ஆண்டுதோறும் ஸ்ரீபாதம் தாங்கும் கோஷ்டியில் நிற்பவர். மடியிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். “ஸ்வாமி, பெருமாள் மேல் சில கீர்த்தனைகள் எழுதியிருக்கிறேன். யாரிடமும் காட்டப் பயமாயிருக்கிறது. இலக்கணம் படித்தவனல்லேன். தேவரீர் ஒருமுறை பார்த்தருள வேண்டும்” என்றார்.

அடியேன் அன்று களைத்திருந்தேன். இரண்டு பக்கங்களைப் புரட்டிவிட்டு, “ஆழ்வார்கள் அருளிய நாலாயிரம் இருக்கிறதே, அதை அநுஸந்தியும். அவர்கள் பாடாத எதை நீர் புதிதாகப் பாடப்போகிறீர்?” என்று சிரித்துக்கொண்டே கூறினேன். “உண்மைதான் ஸ்வாமி” என்று அவரும் சிரித்துக்கொண்டே புத்தகத்தை மடியில் செருகிக்கொண்டார். மறு ஆண்டு அவரைக் கண்டபோது நினைவு வந்து, “அந்தக் கீர்த்தனைகள் என்னவாயின?” என்று வினவினேன். “அன்றே கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். தேவரீர் சொன்னது சரிதான்” என்றார். அச்சொல்லில் கோபம் சிறிதும் இல்லை. அக்கோபமின்மையே அடியேனைச் சுட்டது. பெருமாளையே தோளில் சுமக்க அஞ்சாத ஒருவரை, பெருமாளைப் பற்றிய நான்கு வரிகளைச் சுமக்க அஞ்சும்படி செய்துவிட்டேனே!

அடியேன் சொன்ன விடை தவறு. ஏன் தவறு என்பதைப் பெரியோர்களின் சரிதத்தைக் கொண்டே காட்ட விழைகிறேன்.

பின்வாங்கிய பெரியோர்

பாடத் தொடங்கியவனுக்கு அச்சம் வருவது குற்றமன்று. அச்சம் வராத பெரியோரைக் காண்பதே அரிது. நம்மாழ்வார் திருவாய்மொழியின் முதற்பத்து ஐந்தாம் திருமொழியில், எம்பெருமானின் பெருமையையும் தம் சிறுமையையும் நினைந்து, நாம் வாய்திறந்தால் அவனுக்கன்றோ இழுக்கு என்று அகலப் பார்த்தார். பூர்வாசார்யர்கள் இதனை நைச்யாநுஸந்தானம் என்று வழங்குவர். ஆழ்வார் அகல, எம்பெருமான் விடவில்லை. எல்லார் தலையிலும் வேறுபாடின்றித் திருவடி வைத்த தன் நீர்மையைக் காட்டி அவரைச் சேர்த்துக்கொண்டான் என்பது வியாக்கியானம். அதே ஆழ்வார் ஏழாம்பத்து ஒன்பதாம் திருமொழியில், தம்மைக் கருவியாகக் கொண்டு எம்பெருமான் தன்னைத் தானே பாடிக்கொண்டான் என்று வியந்து உருகுகிறார். அகன்று நின்றவரும் அவரே; ஆயிரம் பாடி முடித்தவரும் அவரே.

ஆளவந்தார் ஸ்தோத்ர ரத்நத்தைத் தொடங்கும்போது நிகழ்வதைப் பாருங்கள். குருபரம்பரையை வணங்கிச் சில சுலோகங்கள் செல்கின்றன. உடனே திகைப்பு வந்துவிடுகிறது. பிரமன் முதலான தேவர்களாலும் அளவிட முடியாத மகிமையைத் துதிக்கப் புகுந்தேனே என்று தம் கவித்துவத்தைத் தாமே நொந்துகொள்கிறார். ஆனால் ஓலையைக் கீழே வைத்துவிடவில்லை. நொந்துகொண்டே அடுத்த சுலோகத்துக்குச் செல்கிறார். அங்கே அவர் கண்ட விடைகள் இரண்டு.

முதல் விடை: பெருங்கடலில் மூழ்கும்போது அணுவுக்கும் மலைக்கும் என்ன வேறுபாடு? நம் கரையில் நின்று பார்த்தால் இது நன்கு விளங்கும். துறைமுகத்துக்கு வரும் பெரிய சரக்குக் கப்பலும், குழந்தை விட்டெறியும் கூழாங்கல்லும் கரையில் இருக்கும்போதுதான் பெரிதும் சிறிதும் ஆகின்றன. ஆழ்கடலில் முழுகிய பின் இரண்டையும் கடல் ஒன்றாகவே மூடிக்கொள்கிறது. வேதங்களே எட்ட முடியாத இடத்தில், பண்டிதனின் பாட்டுக்கும் பாமரனின் பாட்டுக்கும் உள்ள தூரம் எவ்வளவாக இருந்துவிட முடியும்?

இரண்டாம் விடை இன்னும் இனியது. எம்பெருமான் இரங்குவது பாடுபவனுடைய திறமையைக் கண்டு அன்று. பாடப் பாட அவனுக்கு உண்டாகும் களைப்பைக் கண்டு. வல்லவன் களைப்பதற்கு நெடுநேரம் ஆகும். அறிவிலியோ சீக்கிரமே களைத்துவிடுவான். ஆகையால் இந்த முயற்சிக்கு நானே தகுந்தவன் என்கிறார் ஆளவந்தார்! எது தமக்குத் தடை என்று தோன்றியதோ அதனையே தகுதியாக மாற்றிக்கொண்ட சாமர்த்தியம் இது. இரவு முறை முடித்து, எண்ணெய்க் கறை போகாத விரல்களோடு, உறக்கத்தை விட்டு ஒருவர் எழுதுகிறார் என்றால், அவருடைய களைப்பை எம்பெருமான் அறியாமலா இருப்பான்? அதை அறியத் தவறியது அடியேன்தான்.

அந்த ஸ்தோத்ரம் பின்னர் என்ன செய்தது என்பதும் நினைக்கத்தக்கது. காஞ்சியில் பேரருளாளனுக்குத் தீர்த்த கைங்கரியம் செய்துகொண்டிருந்த இளம் ராமாநுஜரின் செவியில் விழுமாறு, பெரிய நம்பி அச்சுலோகங்களைச் சேவித்தார். இவை யாருடைய வாக்கு என்று உருகி வினவிய ராமாநுஜர், ஆளவந்தாரைத் தரிசிக்கத் திருவரங்கத்துக்குப் புறப்பட்டார். அவர் சென்று சேர்வதற்குள் ஆளவந்தார் திருநாட்டுக்கு எழுந்தருளிவிட்டார். தம் பாட்டு யாரை அழைத்து வந்தது என்பதைப் பாடியவர் கண்ணால் காணவில்லை. திகைத்த இடத்திலேயே அவர் நின்றிருந்தால், எந்தச் சுலோகத்தைச் சேவித்துப் பெரிய நம்பி ராமாநுஜரை அழைத்து வந்திருப்பார்?

ஒற்றியூரில் ஒளிர்ந்த பந்தம்

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். கம்ப நாட்டாழ்வார் பிறந்தது ஆமருவியப்பன் எழுந்தருளியிருக்கும் தேரழுந்தூரில். அவரைப் புரந்த வள்ளல் சடையப்பர் வாழ்ந்தது திருவெண்ணெய்நல்லூரில். ஆயினும் அவர் இராம காதையை எழுதிய நாள்களில் திருவொற்றியூரில் தங்கியிருந்தார் என்றும், இரவில் எழுதும்போது அவ்வூர் வட்டப்பாறையம்மன் பந்தம் பிடித்து ஒளி தந்தாள் என்றும் செவிவழி மரபு உண்டு.

பதினாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களைப் பாடிய அக்கவிச்சக்கரவர்த்தி, தம்மைப் பற்றி அவையடக்கத்தில் சொல்லிக்கொள்வது என்ன? அலை முழங்கும் பாற்கடலின் கரையில் நின்று, இதை முழுவதும் நக்கிக் குடித்துவிடுவோம் என்று புகுந்த பூனையைப் போன்றவன் நான் என்கிறார். கடலைக் கண்ட பூனை அஞ்சி ஓடியிருக்கலாம், ஓடவில்லை. தன் சிறுமையை அது அறியாமலும் இல்லை. பின் ஏன் நின்றது? பாலின் மேல் உள்ள ஆசையால் நின்றது. தகுதியினால் பாடவில்லை, ஆசையினால் பாடுகிறேன் என்பதே கம்பருடைய விடை.

பின்னும் ஓர் உவமை சொல்கிறார். சிறு பிள்ளைகள் தரையில் கோடு கிழித்து, இது அறை, இது அரங்கு என்று வீடு கட்டி விளையாடினால், கற்றுத் தேர்ந்த தச்சர் சினம் கொள்வார்களா என்று கேட்கிறார். காசிமேட்டில் படகு கட்டும் தச்சரைப் பாருங்கள். அவர் பக்கத்திலேயே பிள்ளைகள் மணலில் படகு வரைகிறார்கள். இது மிதக்காது என்று எந்தத் தச்சராவது அதைக் காலால் அழித்ததுண்டா? சிரித்து, இருந்தால் ஒரு மரச்சிராயை எடுத்து இதைப் பாய்மரமாக வைத்துக்கொள் என்று கொடுப்பார். உண்மையாகக் கற்றவர்களின் இயல்பு அது. உலகம் இகழ்ந்தாலும், தமக்கு மாசு வந்தாலும், தெய்வத்தன்மை பொருந்திய கவியின் மாட்சியைத் தெரிவிக்கவே இதைச் சொல்லுகிறேன் என்று கம்பர் துணிந்துவிட்டார். அந்தத் துணிவு வந்த பிறகே பந்தம் ஏற்றப்பட்டது. எழுத உட்காராதவனுக்கு எந்தத் தெய்வம் வந்து விளக்குப் பிடிக்கும்?

அரங்கேற்றத்தில் அவருக்குச் சோதனை வராமலும் இல்லை. திருவரங்கத்தில் தாயார் ஸந்நிதிக்கு எதிரில் உள்ள மண்டபத்தில் காவியம் அரங்கேறியபோது, வால்மீகி சொல்லாத இரணியன் வதையை இராம காதையில் சேர்க்கலாமோ என்று ஆக்ஷேபம் எழுந்தது. அப்போது மேட்டழகிய சிங்கர் சிரக்கம்பம் செய்து அங்கீகரித்தருளினார் என்பது வழிவழி வந்த செய்தி. இதுவரை யாரும் சொல்லாததை நீ ஏன் சொல்ல வேண்டும் என்ற அக்கேள்விக்கு, மனிதர் விடை சொல்லுமுன் பெருமாளே தலையசைத்துவிட்டார். அடியேன் அந்த அன்பரிடம் கேட்டதும் இதே கேள்விதானே?

கிழிபட்ட ஏடுகள்

சோழ மன்னர் மூவருக்கு அவைக்களப் புலவராக விளங்கியவர் ஒட்டக்கூத்தர். அவரும் ஓர் இராமாயணம் பாடினார் என்றும், கம்பர் காவியத்தைக் கேட்டபின் தம் பாட்டு எதற்கு என்று மனம் வெதும்பி ஏடுகளைக் கிழிக்கத் தலைப்பட்டார் என்றும் கதை வழங்குகிறது. கம்பர் ஓடிவந்து கையைப் பற்றினாராம். அதற்குள் ஆறு காண்டங்கள் அழிந்து, உத்தர காண்டம் மட்டும் தப்பியது. கம்பர் ஏழாம் காண்டத்தைப் பாடாமல், கூத்தருடைய உத்தர காண்டமே தம் நூலின் பின்னே நிற்கட்டும் என்றாராம். இவ்விருவர் காலத்தைப் பற்றி ஆராய்ச்சியாளர் பலவாறு கூறுவர். அடியேன் சொல்வது கதையின் கருத்தையே.

அரசவையில் வீற்றிருந்த பெரும்புலவரும் ஐயத்தின் வசப்பட்டு ஏட்டைக் கிழித்தார் என்றால், ஆலைத் தொழிலாளி கிழித்ததில் வியப்பில்லை. வேறுபாடு ஒன்றே. கூத்தரின் கையைப் பற்றக் கம்பர் ஓடிவந்தார். இந்த அன்பரின் கையைப் பற்ற வேண்டியவன் கிழிக்கும்படி பேசினேன்.

நைச்யமும் அதைரியமும்

இங்கே ஒரு நுட்பத்தை உணர வேண்டும். நைச்யம் வேறு, அதைரியம் வேறு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ‘நான் தகுதியற்றவன்’ என்றே பேசும். ஆனால் நைச்யம் எம்பெருமானை நோக்கிக்கொண்டு பேசுகிறது. ஆகவே அது அவனிடம் கொண்டு சேர்க்கிறது. அதைரியமோ தன்னையே நோக்கிக்கொண்டு பேசுகிறது. என் பாட்டு, என் பெயர், என்னை என்ன சொல்வார்கள் என்று எண்ணி நடுங்குகிறது. ஆராய்ந்தால் இந்த அச்சமும் அஹங்காரத்தின் மறுபக்கமே. கர்வம் கொண்டவன் நானே செய்தேன் என்கிறான். அஞ்சுகிறவன் நானே செய்ய வேண்டுமே என்கிறான். இருவருமே எம்பெருமானை மறந்தார்கள்.

ஸ்ரீபாதம் தாங்கும் அன்பர்கள் இதை அடியேனைவிட நன்கு அறிவார்கள். தண்டைத் தோளில் ஏற்றும் எவரும் பெருமாளை நான் ஒருவனே சுமக்கிறேன் என்று எண்ணுவதில்லை. முன்னே சிலர், பின்னே சிலர். நம் பங்குக்குத் தோள் கொடுத்தால் போதும். அசைந்து வரும் அழகெல்லாம் அவனுடையது. பாட்டும் அப்படியே. சிற்பமும் ஓவியமும் நாகஸ்வரமும் அப்படியே. ஆழ்வார்கள் முன்னே தாங்குகிறார்கள். ஆசார்யர்கள் பக்கத்தில் தாங்குகிறார்கள். கடைசியில் ஒருவர் தோள் கொடுக்க வந்தால், இடமில்லை போ என்று சொல்ல யாருக்கு அதிகாரம்?

ஆகவே பாடவும் வரையவும் ஆடவும் ஆசை கொண்டு, அச்சத்தால் ஒதுங்கி நிற்கும் அன்பர்களுக்கு அடியேனுடைய விண்ணப்பம் இதுதான். தொடங்கும்போது இது அவனுக்கு என்று ஸமர்ப்பித்துத் தொடங்குங்கள். நாள்தோறும் சிறிதாயினும் செய்யுங்கள்; களைப்பே காணிக்கை என்றார் ஆளவந்தார். பிழையிருந்தால் திருத்துங்கள், கற்றாரிடம் கேளுங்கள், ஆனால் கிழிக்காதீர்கள். நம்மிடம் ஒருவர் கைநடுங்க எதையேனும் நீட்டினால், பெற்றுக்கொள்ளும் நாமும் அஞ்ச வேண்டும். அந்த நேரத்தில் நாம் சொல்லும் ஒரு சொல், பந்தமாக நின்று ஒளி தரவும் கூடும்; அடுப்பு நெருப்பாகி எரித்துவிடவும் கூடும்.

அந்த அன்பர் இவ்வாண்டும் ஸ்ரீபாதம் தாங்க வருவார். எரிந்துபோன கீர்த்தனைகளில் இரண்டொன்றாவது அவர் நாவில் எஞ்சியிருக்கும் என்று நம்புகிறேன். பாகவதர்கள் பலர் முன்னிலையில் அவரிடம் அபராத க்ஷமாபணம் வேண்டி, அவற்றைப் பாடச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது அடியேனுடைய பிரார்த்தனை. அவர் மீண்டும் எழுத அமர்வாராகில், வட்டப்பாறையம்மன் கம்பருக்குச் செய்த கைங்கரியத்தில் அணுவளவேனும் அடியேனுக்குக் கிட்டும்படி எம்பெருமான் அருள்புரிவானாக.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.