வெட்டி எறிந்த மௌனம்

என் தங்கையின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். இந்தப் பருவத்தில் ஒலிப்பதிவும் ஒலித்தொகுப்பும் அவளுக்குப் பாடம். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பதிவுக் கருவியை இரவல் வாங்கி வந்தாள். ஊஞ்சல் கிறீச்சிடும் என்று பாட்டியை, அதாவது என் தாயாரை, நாற்காலியில் உட்கார வைத்தாள். மின்விசிறி நின்றது, அடுப்பில் குக்கர் அணைந்தது. முதல் பத்து விநாடி யாரும் பேசக்கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. வெறும் அறையின் இரைச்சலை மாதிரி காட்டிவிட்டால், கணிப்பொறி பேச்சு முழுவதிலும் அதைக் குறைத்துவிடுமாம்.

பிறகு ஆடாசிட்டி என்ற மென்பொருளில் வேலை தொடங்கிற்று. 2000-இல் வெளிவந்து இன்றும் இலவசமாகக் கிடைப்பது அது. திரையில் அம்மாவின் குரல் மலைத்தொடர் போல ஏறி இறங்கிக் கிடந்தது. பேசாத இடமெல்லாம் வெறும் கோடு. நீண்ட மௌனங்களைத் தானே கண்டுபிடித்துச் சுருக்கும் வசதியும் அதில் உண்டு. இருமல் போயிற்று, இடைவெளிகள் போயின. ஒரு மணிப் பேச்சு நாற்பது நிமிஷமாயிற்று.

பெருமையோடு போட்டுக் காட்டினாள்.

"அஞ்சாம் வகுப்போட படிப்பை நிறுத்தினாங்களே, வருத்தமா இருந்ததா பாட்டி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லே."

எனக்குத் திடுக்கென்றது. நானும் அன்று அங்கே இருந்தேன். கேள்வியைக் கேட்டதும் அம்மா பேசவில்லை. புடவைத் தலைப்பை மடிப்பதும் பிரிப்பதுமாக நெடுநேரம் இருந்துவிட்டுத்தான் அந்தப் பதிலைச் சொன்னாள். இப்போதோ பதில் கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனால் உண்மை மாறிவிட்டது.

சொன்னேன். அவள் விடவில்லை: "அவ்வளவு நேரம் ஒண்ணுமில்லாததை யார் மாமா கேட்பாங்க? கதை எழுதறப்போ நீங்க வெட்டறதில்லையா?"

நியாயமான கேள்வி. கனடாவின் பியானோக் கலைஞர் கிளென் கூல்ட் 1964-இல் மேடைக் கச்சேரியையே துறந்து பதிவறைக்குள் போனவர். அப்போதெல்லாம் காந்த நாடாவைப் பிளேடால் அறுத்து ஒட்டுவார்கள். பாக் இயற்றிய ஓர் இசைப்பகுதியில் தம் ஆறாவது வாசிப்பையும் எட்டாவது வாசிப்பையும் இணைத்ததை 1966-இல் அவரே எழுதினார். அது பொய்யா? இல்லை. வெட்டியது தம் வாசிப்பை; வெட்டியதைச் சொல்லவும் செய்தார். கதையில் நான் வெட்டுவதும் என் கற்பனையைத்தான். இங்கே வெட்டுப்பட்டதோ இன்னொருத்தியின் வாழ்க்கை.

அதனால் வெட்டுவதே பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். இருமலை நீக்கியதில் யாருக்கும் நஷ்டமில்லை. அது பதிலின் பகுதி அல்ல. அந்த மௌனம் பதிலின் பகுதி. ஒருவேளை, அதுதான் பதில். பிறர் பேச்சில் எது குப்பை, எது பொருள் என்று தீர்ப்பளிக்க, காது மட்டும் போதாது. அவர்கள் எதிரில் நாம் உட்கார்ந்திருக்க வேண்டும். யந்திரத்துக்கு நீளம் தெரியும், கனம் தெரியாது.

ஆனால் எனக்குமட்டும் என்ன உரிமை? அம்மா மறைக்க நினைத்ததை அவளது மௌனம் காட்டிக்கொடுத்திருக்கலாம் அல்லவா? நல்லவேளையாக, மூலப்பதிவு அழியாமல் இருந்தது. இரண்டையும் அம்மாவுக்கே போட்டுக் காட்டும்படி சொன்னேன்.

வெட்டாததை அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"இத்தனை நேரமா பேசாம இருந்தேன்?" என்றாள். பிறகு, சற்றுப் பொறுத்து, "இருந்துட்டுப் போகட்டும், வெட்டாதே" என்றாள்.