படத்துக்குள் வராத கைகள்

குளிர் நாடுகளில் கூடத்தின் நடுவே கணப்பு எரியும். குடும்பம் எதைப் பெரிதாக நினைக்கிறதோ அதன் படம் அதற்கு மேலே ஏறும். விருதுநகர் வெயிலில் கணப்புக்கு என்ன வேலை? இங்கே நெருப்பு, கரிசல் காட்டில் தள்ளித் தள்ளிக் கட்டிய பட்டாசு அறைகளில் இருக்கிறது. ஆனாலும் நெருப்பும் படமும் ஒரே வயிற்றில் பிறந்த மண் இது.

1920களில் சிவகாசியைச் சேர்ந்த சண்முக நாடாரும் அய்ய நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக அச்சகம் வந்தது. அச்சகத்திலிருந்து காலண்டர் வந்தது. நாடகத் திரைச்சீலை வரைந்து பழகிய கோவில்பட்டி கொண்டைய ராஜுவின் லட்சுமியும் முருகனும் சிவகாசியில் அச்சாகி, ஓவியம் வாங்க வழியில்லாத வீடுகளின் ஆணியிலும் ஏறினார்கள். குடிசைக்கும் அண்ணாந்து பார்க்க ஒரு முகம் கிடைத்தது. அதைச் சின்ன விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை.

அந்தத் தெய்வங்களின் கைகளைப் பாருங்கள். ஒன்று பொன் சொரியும், ஒன்று அஞ்சாதே என்னும். ஒரு கையைக்கூட ஓவியர் மறைக்கவில்லை.

2021 பிப்ரவரி 12 அன்று இதே விருதுநகர் மாவட்டத்தில் அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்ததில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த வட்டாரத்தில் அப்படிப் போனவர்களின் படம் பெரும்பாலும் ஆதார் அட்டையிலிருந்தோ கல்யாண குரூப் போட்டோவிலிருந்தோ வெட்டி எடுத்ததாக இருக்கும். ஸ்டுடியோக்காரர் பின்னால் நீலம் பூசுவார், பட்டுச்சேலை உடுத்திவிடுவார். மாலையும் சிறு பல்பும் வீட்டார் பொறுப்பு. சாமி படங்களோடு சேர்க்காமல் தனிச் சுவரில் மாட்டுவார்கள்.

படம் மார்போடு முடிந்துவிடும்.

வெடிமருந்து கலந்து, அலுமினியப் பவுடர் ஏறி வெள்ளி நிறமான கைகள் சட்டத்துக்குள் வருவதில்லை. ஓர் உராய்வு போதும் என்று தெரிந்தே உழைத்தவை அவை. வாழ்ந்த காலத்தில் அந்தக் கைகளுக்கு உரியவரைத் தனியாக நிறுத்தி ஒரு படம் எடுக்க யாருக்கும் தோன்றியிருக்காது. கூலிக்காரரின் முகத்தைச் சாவுக்குப் பிறகுதான் பெரிதாக்கிப் பார்க்கிறோம். கையை அப்போதும் பார்ப்பதில்லை.

உயிரோடு இருக்கும்போதே, மருந்து படிந்த கைகள் தெரிய அவர்களைப் படம் எடுக்க வேண்டும். அச்சங்குளத்து வீடுகளுக்கு அந்தப் படம் தேவையில்லை. அந்தக் கைகளை அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆலை முதலாளியின் அலுவலகத்திலும், தீபாவளிக்குச் சரவெடி வாங்கி வரும் நம் கூடங்களிலும் அது தொங்கட்டும், சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே.