காணாத உயிர்களும் கண்டுகொள்ளாத நாமும்

எங்கள் ஊருக்கு நல்லதண்ணி என்று பெயர். பாவா ஆதம் மலைக்கு மஸ்கெலியா வழியாக வருகிறவர்கள் இங்கே இறங்கித்தான் நடக்கத் தொடங்குகிறார்கள். பெயரிட்டவர்கள் எதைக் கண்டு 'நல்ல' என்றார்கள்? தெளிவைப் பார்த்திருப்பார்கள், குடித்துச் சுவை அறிந்திருப்பார்கள். மனிதனின் புலன்களுக்கு எட்டியது அவ்வளவுதான். இரண்டு குல்லத்துக்குக் குறையாத நீரில் அசுத்தம் விழுந்தாலும் நிறம், சுவை, மணம் மாறாதிருந்தால் அது சுத்தமே என்பது ஷாபிஈ மத்ஹபின் தீர்ப்பு. வுழூச் செய்ய அது போதும். ஆனால் இம்மூன்றில் ஒன்றையும் மாற்றாமலே ஒரு குவளை நீரில் இலட்சக்கணக்கான பற்றீரியாக்கள் இருக்க முடியும். அந்த நீரைக் குடிப்பது பற்றியே என் கேள்வி.

வகுப்பில் நுண்ணங்கிகள் பாடத்தைத் தொடங்கினால், "கிருமியைக் கொல்லணும் சேர்" என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள். சவர்க்கார விளம்பரம் கற்றுக்கொடுத்த பாடம் அது. கருவைச் சூழ ஒரு மென்சவ்வுகூட இல்லாத இந்த ஒற்றைக் கல உயிர்கள் ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகளாகப் பூமியில் வாழ்கின்றன. தேயிலைக்கு நிழலாக நட்ட முருக்கு மரத்தின் வேரைக் கிண்டிப் பார்த்தால் சிறு முடிச்சுகள் தெரியும். அவற்றுக்குள் இருக்கும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனை மரத்துக்கு உணவாக்கிக் கொடுக்கின்றன. மரம் உதிர்க்கும் இலை தேயிலைக்கு உரமாகிறது. நம் கொழுந்துக் கூடையில் அவற்றின் உழைப்பும் கிடக்கிறது.

1885இல் தியடோர் எஷரிக் கண்டறிந்த ஈகோலை நம் குடலில் வாழ்வது. பெரும்பாலான வகைகள் தீங்கற்றவை, நமக்கு விற்றமின் கே கூடச் செய்து தருகின்றன. வசதியான சூழலில் 20 நிமிடத்துக்கொரு முறை இரண்டாகப் பிரியும். ஏழு மணித்தியாலத்தில் ஒன்று 20 இலட்சத்தைத் தாண்டிவிடும். குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி. தீங்கற்றதை ஏன் தேட வேண்டும்? அது சாட்சி. அது இருக்குமானால் நீரில் மலம் கலந்திருக்கிறது. கூடவே நெருப்புக்காய்ச்சல் கிருமியும் வந்திருக்கலாம். குற்றம் சாட்சியினுடையதல்ல.

அப்படியானால் யாருடையது? மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை இலட்சக்கணக்கானோர் மலையேறுகிறார்கள். எல்லா மதத்தாரும்தான். ஓடையோரம் ஒதுங்குகிறவர் கீழே பீலியில் குடம் பிடிப்பவளைக் காண்பதில்லை. "எனக்குத் தெரியாது" என்பது ஒரு காலத்தில் நேர்மையான பதிலாக இருந்தது. 1884இல் றொபேட் கொக், கல்கத்தாவில் மக்கள் குடிக்கவும் குளிக்கவும் பயன்படுத்திய குளமொன்றில் வாந்திபேதிக் கிருமியைக் கண்டுபிடித்த பிறகு அந்தப் பதில் செல்லாது. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபிகளார் (ஸல்) தடுத்தது அதற்கும் முன்னூறு, நானூறு அல்ல, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்னர். அங்கே கிருமி பற்றிய பேச்சே இல்லை. அடுத்து அந்த நீருக்கு வருகிறவன் மீதுதான் அக்கறை என்று எனக்குப் படுகிறது.

நாமோ குடிப்பவளுக்கு மட்டும் உபதேசிக்கிறோம்: கொதித்தாறிய தண்ணீரைக் குடி. சரிதான், ஒரு நாளும் தள்ளிப்போட முடியாத அறிவுரை. ஆனால் விடிகாலையில் மலைக்குப் போகும் தாய்க்கு விறகும் நேரமும் எங்கிருந்து வரும்? மேலே அசுத்தப்படுத்தியவரின் கடனை அவள் தினமும் தன் அடுப்பில் தீர்க்கிறாள். அதைச் 'சுகாதாரப் பழக்கம்' என்று பெயரிட்டு அவள் பொறுப்பாக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. லயத்துக்கு மலசலகூடம் இல்லாத இடங்களில் லயத்தாரைக் குறை சொல்வதும் அப்படித்தான்.

மலசலகூடக் குழியை ஊற்றுக்கு மேற்பக்கம் வெட்டக் கூடாது என்பார்கள். எங்கள் சரிவில் லயங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. இவர்களுக்குக் கீழ்ப்பக்கம் அடுத்தவர்களுக்கு மேற்பக்கம். எனவே குழிக்கு இடம் பார்க்கும்போது கீழ் லயத்தாரும் வந்து நிற்க வேண்டும். இதைப் பெற்றோர் கூட்டத்தில் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். அடுத்த கூட்டம் வெசாக்குக்குப் பிறகு.