மார்கழிக்குப் பின்னும் முடியாத நோன்பு

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



சூடிக்கொடுத்த நாச்சியார் அருளிச்செய்த திருப்பாவையின் இரண்டாம் பாசுரம், நோன்பு நோற்பவர்கள் செய்ய வேண்டுவன இவை, தவிர்க்க வேண்டுவன இவை என்று வரையறுப்பது. முதற்பாசுரத்தில் தோழியரை அழைத்து, பலன் தருபவன் நாராயணனே என்று அறுதியிட்டாள். அடுத்து விதிகளைச் சொல்கிறாள். பாற்கடலில் பள்ளிகொண்ட பரமனுடைய திருவடிகளைப் பாடுவது, நெய்யையும் பாலையும் விடுவது, விடியற்காலையில் நீராடுவது, கண்ணுக்கு மையும் கூந்தலுக்கு மலரும் தவிர்ப்பது, பெரியோர் செய்யாதவற்றைச் செய்யாதிருப்பது, தீக்குறளை சொல்லாதிருப்பது, ஐயமும் பிச்சையும் இடுவது என்று அப்பட்டியல் நீள்கிறது.

இவற்றைச் சொல்லத் தொடங்குமுன் ஆண்டாள் யாரை விளிக்கிறாள் என்பது நோக்கத்தக்கது. காட்டிலே தவம் புரிபவர்களையோ, உலகைத் துறந்தவர்களையோ அவள் அழைக்கவில்லை. இந்த வையத்திலே வாழ்பவர்களைத்தான் அழைக்கிறாள். மாடு கறப்பவர்களும் தயிர் கடைபவர்களும் மோர் விற்பவர்களுமான ஆய்க்குலத்துப் பெண்களே அவளுடைய கோஷ்டி. ஆகவே இவ்விதிகள் இல்லறமும் தொழிலும் உடைய நம்மைப் போன்றவர்களுக்கே இடப்பட்டவை என்று கொள்ளத் தடையில்லை.

இனி ஒரு நுட்பம். நெய்யும் பாலும் வேண்டா என்று இரண்டாம் பாசுரத்தில் சொன்னவர்கள், இருபத்தேழாம் பாசுரத்தில் முழங்கை வழியே நெய் ஒழுகும் பாற்சோற்றைக் கூடியிருந்து உண்ண விழைகிறார்கள். வளையும் தோடும் புத்தாடையும் அங்கே வந்து சேர்கின்றன. அந்நாளில் நம் அகங்களில் அக்காரவடிசில் ஸமர்ப்பிப்பதும் இதனாலேயே. எனவே நெய், பால், அலங்காரம் இவற்றை விட்டது ஒரு காலத்துக்கான விரதம். கண்ணனோடு கூடியவுடன் அவை திரும்பி வருகின்றன.

ஆனால் தகாத செயலும் தீக்குறளையும் எந்தப் பாசுரத்திலாவது திரும்பி வருகின்றனவா? வரவில்லை. மார்கழி முடிந்துவிட்டது, இனிக் கோள் சொல்லலாம் என்று நாச்சியார் எங்கும் விடை கொடுக்கவில்லை. ஐயமும் பிச்சையும் இட்டது போதும் என்றும் சொல்லவில்லை.

வணிகவியல் பயின்று வங்கியில் காலம் கழித்த அடியேனுக்கு இவ்விடத்தில் கணக்கு முறை ஒன்று நினைவுக்கு வருகிறது. மார்ச் 31 அன்று வட்டி வரவு, சம்பளச் செலவு போன்ற கணக்குகள் முடிக்கப்பட்டு, மறுநாள் சுழியிலிருந்து தொடங்கும். வைப்புத்தொகையும் கடனும் அப்படியல்ல. அவற்றின் இருப்பு அப்படியே அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லப்படும். நெய்யும் பாலும் விட்டது ஆண்டிறுதியில் முடியும் கணக்கு. மற்ற மூன்றும் எடுத்துச் செல்லப்படும் இருப்பு. நாமோ பெரும்பாலும் இதை மாற்றிச் செய்கிறோம். வெங்காயம் தவிர்ப்பதிலும் வைகறை நீராட்டத்திலும் காட்டும் சிரத்தையை, ஆண்டு முழுவதும் தொடர வேண்டிய மூன்றில் காட்டுவதில்லை.

அம்மூன்றில் முதலாவது, பெரியோர் செய்யாதவற்றைச் செய்யாமை. விதி இடம் கொடுத்தாலும் முன்னோர் நடந்துகாட்டாத வழியில் நடவோம் என்பது இதன் கருத்து. ஸ்ரீபரதாழ்வானே இதற்குத் தக்க உதாரணம். தந்தை வரம் கொடுத்தாயிற்று. தாய் வேண்டிப் பெற்றாயிற்று. வசிஷ்டர் முதலானோரும் முடிசூடச் சொன்னார்கள். சட்டத்தில் குறையொன்றும் இல்லை. ஆயினும் மூத்தவன் இருக்க இளையவன் முடிசூடுவது தம் குலத்தில் இல்லாதது என்று மறுத்து, பாதுகைகளை அரியணையில் வைத்து, நந்திக்கிராமத்தில் பதினான்கு ஆண்டுகள் காத்திருந்தான்.

இது நம் மேசைக்கும் பொருந்தும். எழுபது வயது கடந்த ஒருவர், முதிர்ந்த வைப்புத்தொகையைப் புதுப்பிக்க வருகிறார். நீண்டகாலக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றின் விண்ணப்பத்தை அவர்முன் வைத்துக் கையொப்பம் பெறுவது எளிது. படிவம் சரியாக இருக்கும், கையொப்பம் பொருந்தும், தணிக்கையிலும் குற்றம் வராது. ஆனால் மருத்துவச் செலவுக்கு அந்தப் பணம் தேவைப்படும் நாளில் அவர் வெறுங்கையோடு நிற்பார். ‘விதிமுறை அனுமதிக்கிறது’ என்ற சொல்லுக்கு அப்பால் ஒரு கேள்வி உண்டு. பரதாழ்வான் அதைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டான்.

இரண்டாவது தீக்குறளை. பிறருக்குத் தீங்கு விளைக்கும் சொல்லைப் பிறரிடம் கொண்டு செல்லாமை. இவ்விடத்தில் வியாக்கியானம் பிராட்டியை நினைப்பூட்டுகிறது. அசோகவனத்தில் பத்து மாதங்கள் அரக்கியர் அவளை அதட்டியும் வெருட்டியும் துன்புறுத்தினர். யுத்தம் முடிந்து திருவடி வந்து, அவர்களைத் தண்டிக்க அனுமதி வேண்டியபோது, அரசன் ஏவலைச் செய்தவர்கள் என்று அவர்களைக் காத்தாள். அவர்கள் செய்த கொடுமையைப் பெருமாளிடமும் ஒரு வார்த்தை விண்ணப்பிக்கவில்லை. அவள் சொல்லியிருந்தால் அது பொய்யாகாது. உண்மையாயினும், ஒருவரை அழிக்கவே பயன்படுமாயின் அதை வாயில் கொள்ளாமையே இந்த நோன்பு.

அடியேன் பணியில் இருந்த காலத்தில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். கடன் வழங்கக் கையூட்டுப் பெற்றார் என்று ஓர் அதிகாரியின்மேல் மொட்டைக் கடிதம் வந்தது. விசாரணை பல மாதங்கள் நடந்தது. குற்றச்சாட்டில் உண்மையில்லை என்று ஆணை வந்தது. அவரும் அதே நாற்காலிக்குத் திரும்பினார். அதற்குள் பேச்சு தேநீர்க்கடை வரை சென்று, அவருடைய பெண்ணுக்குப் பேசி முடித்திருந்த ஸம்பந்தமும் முறிந்துபோயிற்று. கடிதம் எழுதியவர் ஒருவர்தாம். அதைச் சுமந்தவர்கள் பலர். சுமந்தவர்களில் ஒருவரும் புதிதாகப் பொய் புனையவில்லை. கேட்டதைச் சொன்னோம் என்றே ஒவ்வொருவரும் நினைத்தார்கள். ஆணையைக் கோப்பில் சேர்க்கலாம். பரவிய பேச்சைத் திரும்பப் பெற எந்தப் படிவமும் இல்லை.

அன்று வாய்வழியாக மாதக்கணக்கில் பரவியது, இன்று கைப்பேசியில் ஒரு விரல் தொடும் நேரத்தில் பரவுகிறது. காலையில் திருப்பாவை அனுப்பும் அதே குழுவில், மாலையில் ஒருவரைப் பற்றிய அவதூறும் அனுப்பப்படுகிறது. அது பாகவதரைப் பற்றியதாயின் சொல்லவே வேண்டா. பகவதபசாரத்தைவிட பாகவதாபசாரம் கொடியது என்று பிள்ளைலோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் அறுதியிட்டிருக்கிறார்.

மூன்றாவது, ஐயமும் பிச்சையும். தகுதியுடையோருக்கு முகமறிந்து கொடுப்பது ஐயம் என்றும், பிரமசாரிகளுக்கும் ஸந்யாஸிகளுக்கும் இடுவது பிச்சை என்றும் பூர்வாசாரியர்கள் பிரித்துக் காட்டுவர். எவ்வளவு கொடுப்பது என்ற கேள்விக்கு, கொள்பவர் கொள்ளவல்ல அளவும் என்பது அவர்கள் காட்டும் அளவு. நமக்கு மிஞ்சியது எவ்வளவு என்று பார்ப்பது ஒரு கணக்கு. எதிரில் நிற்பவருக்கு வேண்டுவது எவ்வளவு என்று பார்ப்பது வேறு கணக்கு. நாச்சியார் சொல்வது பின்னதை.

கொடுப்பதற்குப் பொருள்தான் வேண்டும் என்பதில்லை. ஓய்வூதியம் பெறுவோர் பலர் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்று அளிக்க வேண்டும். முதுமையில் விரல் ரேகை தேய்ந்து, கருவி ஏற்க மறுத்து, பலமுறை அலையும் முதியோர் உண்டு. முகத்தைக் கொண்டே கைப்பேசியில் சான்றளிக்கும் வசதி வந்திருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. ஓய்வுபெற்ற நம்மில் ஒருவர், அம்மாதத்தில் வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம் அவர்களோடு அமர்ந்து அதைச் செய்து கொடுத்தால், அதுவும் முகமறிந்து இடும் ஐயமே. அவரைப் பெயர் சொல்லி அழைத்து, நாற்காலி தந்து, அவசரப்படுத்தாமல் செய்வதும் அதில் அடங்கும்.

இவ்விதிகளுக்கு அடுத்த பாசுரத்தில்தான் மழை வருகிறது. நோற்பவர்கள் சில பெண்கள். பலனோ நாடு முழுவதற்கும். தீங்கின்றி மாதம் மும்மாரி பொழிந்து, நெல் வளர்ந்து, பசுக்கள் குடம் நிறைக்கின்றன. நோற்றவரின் வயலுக்கு மட்டும் மழை என்று நாச்சியார் பாடவில்லை. ஒருவர் அடக்கிய நாவினால் முகமறியாத ஒரு குடும்பத்தின் திருமணம் நிலைக்கிறது; ஒருவர் எடுத்து நீட்டாத படிவத்தினால் ஒரு முதியவரின் மருத்துவச் செலவு காக்கப்படுகிறது. பயன் பெறுகிறவர்களுக்கு அது தெரியவும் தெரியாது.

தை பிறந்தவுடன் நெய்யும் பாலும் குறைவின்றிக் கொள்வோம். அதற்கு நாச்சியாரின் திருவுள்ளம் உண்டு. மற்ற மூன்றையும் இருப்பாக அடுத்த மார்கழி வரை எடுத்துச் செல்ல அவளே அருள வேண்டுமென்று பிரார்த்திக்கிறேன்.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்