சாராவும் விசாவும்

பஞ்சத்திற்குத் தப்பி எகிப்துக்குச் சென்ற ஆபிரகாம், எல்லையை நெருங்கியதும், தம் சகோதரி என்று சொல்லிக்கொள்ளுமாறு மனைவி சாராவைக் கேட்டுக்கொண்டதைத் தொடக்க நூலின் 12-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அது பொய்யா என்பது பற்றி விளக்கவுரையாளர் நெடுங்காலம் வாதிட்டனர். சாரா அவருக்குத் தந்தை வழியில் சகோதரியும் ஆவார் என்று 20-ஆம் அதிகாரம் கூறுவதால், ஆபிரகாம் உண்மையை மறைத்தாரேயன்றிப் பொய்யுரைக்கவில்லை என்றார் புனித அகுஸ்தினார். பார்வோனின் அரண்மனைக்குக் கொண்டுபோகப்பட்டவர் சாரா என்பதோ அவ்வாதங்களில் ஓர் ஓரமாகவே நிற்கிறது.

இப்பழைய வழக்கை எனக்கு நினைவூட்டுவது, புதிதாக மணமான பெண்கள் பங்கு இல்லத்தில் வந்து கேட்கும் ஒரு கேள்வி. கணவர் அமெரிக்காவில் எச்-1பி விசாவில் பொறியாளர். மனைவி இங்கே பி.இ. முடித்தவர், அங்கே எம்.எஸ். பயில இடமும் கிடைத்திருக்கிறது. மாணவர்க்குரிய எஃப்-1 விசாவில் போவதா, கணவரைச் சார்ந்தோர்க்குரிய எச்-4 விசாவில் போவதா?

எச்-4 விசாவிலும் முழுநேரம் படிக்கலாம். ஆனால் வேலை செய்ய இயலாது. 2015-ஆம் ஆண்டு விதியின்படி, கணவருக்கான கிரீன் கார்டு மனு ஏற்கப்பட்டிருப்பது போன்ற சில நிலைகளில் மட்டுமே தனி அனுமதி பெறலாம். எஃப்-1 விசாவிலோ படிக்கும் காலத்தில் வளாகத்திற்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். படித்தபின் ஓராண்டு துறைசார்ந்த பயிற்சி வேலையும், பொறியியல் போன்ற துறையினர்க்கு மேலும் 24 மாதங்களும் உண்டு. ஆதாயம் எப்பக்கம் என்பது வெளிப்படை. சிக்கல் நேர்காணலில் இருக்கிறது. தாய்நாட்டு இருப்பிடத்தைக் கைவிடும் எண்ணமில்லை, படிப்பு முடிந்ததும் திரும்புவேன் என்று எஃப்-1 கேட்பவர் அதிகாரியை நம்பச் செய்யவேண்டும். எச்-4 கேட்பவர்க்கு அந்நிபந்தனை இல்லை. கணவருக்காக நிறுவனம் கிரீன் கார்டு மனுச் செய்துவிட்டது; டல்லாஸில் வீடு வாங்கும் பேச்சும் நடக்கிறது. இந்நிலையில் சென்னை அண்ணா சாலையிலுள்ள துணைத் தூதரகத்தில் நின்று, "திரும்பி வருவேன்" என்று சொல்லலாமா?

"எல்லாரும் சொல்வதுதானே, ஃபாதர்?" என்கிறார்கள்.

விருப்பம் வேறு, எண்ணம் வேறு என்பது புனித தோமா அக்குவினாரின் பாடம். ஒரு குறிக்கோளை அதற்கான வழிகளோடு சேர்த்து நாடுவதே எண்ணம். திரும்பும் எண்ணத்தோடு போய்ப் பின்னர் மனம் மாறுபவர் பொய்யர் அல்லர். தங்குவதற்கான வழிகளையெல்லாம் வகுத்துவிட்டுத் திரும்புவேன் என்பவரின் நிலை வேறு. "முதுமையில்" என்று மனத்துக்குள் சேர்த்துக்கொண்டு, "திரும்புவேன்" என்று மட்டும் வாயால் சொல்லும் உத்தியை 17-ஆம் நூற்றாண்டின் அறநெறி நூலார் சிலர் அனுமதித்தனர். திருத்தந்தை 11-ஆம் இன்னொசென்ட் 1679-இல் அதைக் கண்டித்தார். அது இன்னும் விசா வரிசையில் உயிரோடு நிற்கும் என்று குருமடத்தில் எங்களுக்கு எவரும் சொல்லவில்லை! பொய் வெளிப்பட்டால் அந்நாட்டில் நுழைய நிலையான தடை வரக்கூடும் என்பதும் உண்மைதான். ஆனால் அச்சத்தால் சொல்லும் உண்மையைப் பற்றியதன்று என் பேச்சு.

ஆகவே, தங்கிவிடத் தீர்மானித்த குடும்பத்தின் மனைவி எச்-4 விசாவில் போவதே நேர்மை என்பேன்.

இதோடு நிறுத்தினால் நானும் அப்பழைய விளக்கவுரையாளரோடு சேர்ந்துவிடுவேன். இந்த நேர்மைக்கு விலை கொடுப்பவர் கணவர் அல்லர். பயிற்சி வேலையை இழப்பவர் மனைவி. கணவரின் வேலை போய், மாற்றுவழி அமையாவிட்டால், இவருடைய எச்-4 நிலையும் போகிறது. மணமுறிவு நேர்ந்தாலும் அப்படியே. ஒவ்வொரு நாட்டிற்கும் வரம்பு இருப்பதால், இந்தியருக்கான கிரீன் கார்டு வரிசையோ பல்லாண்டுகள் நீள்கிறது. அத்தனை காலமும் ஒருவருடைய தங்கும் உரிமை மற்றவரின் கையில் இருக்கிறது. நல்ல கணவர்க்கும் அது சோதனைதான். கெட்டவர்க்கு அது கையில் ஒரு கோல்.

திருமணம் வாழ்வையும் அன்பையும் பகிரும் நெருங்கிய கூட்டுறவு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் போதித்தது. "சார்ந்தோர்" என்னும் சொல் குடியேற்றத் துறையின் வசதிக்கு உரியது. வீட்டிற்குள் அதற்கு இடமில்லை. எபேசியர் திருமுகத்தின் 5-ஆம் அதிகாரத்தில் 22-ஆம் வசனத்தை நம் ஆண்கள் மறப்பதே இல்லை. கணவன் மனைவி இருவரிடமும் பணிவைக் கேட்கும் முந்தைய வசனத்தை நினைவில் வைத்திருப்பவர் எத்தனை பேர்? உண்மை சொல்வதென்று இருவரும் முடிவு செய்தால், இழப்பையும் இருவருமே சுமக்கவேண்டும். படிப்புக் கட்டணம் கணவரின் சம்பளத்திலிருந்து வரவேண்டும். வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் இருக்கட்டும். கடவுச்சீட்டும் சான்றிதழ்களும் அவரவர் கையில் இருக்கட்டும். பட்டம் பெற்றும் வேலைக்கு வழி திறக்காவிட்டால், ஊர் திரும்புவது பற்றிப் பேசக் கணவர் ஆயத்தமா என்பதையும் பயணத்திற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

அண்மையில் இதைக் கேட்க வந்த ஒரு பெண்ணோடு பெற்றோரும் வந்திருந்தனர். கணவர் கைப்பேசி வழியாகப் பேசினார். எச்-4 விசாவே சரி என்பதை அவர் உடனே ஒப்புக்கொண்டார். படிப்புக் கட்டணத்திற்கு என்ன ஏற்பாடு என்று கேட்டேன். "அதை மாமா பார்த்துக்கொள்வார், ஃபாதர்" என்றார். வீட்டை அடகு வைத்துத் திருமணம் நடத்திய அந்தத் தந்தை என் எதிரிலேதான் அமர்ந்திருந்தார். அன்று அதற்குமேல் விசாவைப் பற்றி நாங்கள் பேசவில்லை. கட்டணத்தைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினோம்.